பகலில் கோர்ட், சாயங்காலம் ஒத்திகை: பம்மல் சம்பந்த முதலியார் நாடக வாத்தியார் ஆன கதை

ஓசூரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். சிப்காட்டில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு பெங்களூரு ஜே.பி. நகரில் இருக்கும் ரங்க சங்கராவுக்கு நாடகம் பார்க்கக் கிளம்பிவிடுவான். தூரம் என்று பார்த்தால் 40 கிலோமீட்டர் பக்கம்தான். ஆனால் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் நீந்திப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். அந்த அரங்கத்தில் ஒரு கறார் வழக்கம் உண்டு. நாடகம் ஆரம்பித்துவிட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள். டிக்கெட் கையில் இருந்தாலும் சரி, வெளியேதான். இவன் ரெண்டு மூணு தடவை அப்படி மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான்.

நாடக டைரக்டர் ஆகணும் என்பது அவன் ஆசை. கூட நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. ஒருவனுக்கு வீட்டில் தெலுங்கு, இன்னொருவனுக்குக் கன்னடம், நாடகம் மட்டும் தமிழ். ஓசூரில் இது அதிசயமே இல்லை. போன மாதம் என்னிடம் வந்து, வேலையை விட்டால்தான் முழுசா நாடகத்தில் இறங்க முடியும் போல, விட்டுவிடட்டுமா என்று கேட்டான். பெரிய கேள்வி. கையில் பதில் இல்லாததால், பதிலுக்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அந்தக் கதையும் ஒருவகையில் நம்ம பக்கத்து எல்லைக்கோட்டில் இருந்துதான் தொடங்குகிறது.

பம்மல் சம்பந்த முதலியார். பேரைக் கேட்டிருப்பீர்கள். பாடப் புத்தகத்தில் 'தமிழ் நாடகத் தந்தை' என்று ஒரு வரி வரும். மார்பளவு போட்டோ ஒன்று இருக்கும். அதோடு அவரை மறந்துவிடுவோம். ஆனால் அவரும் ஒரு காலத்தில் 18 வயசுப் பையன்தான். நாடகம் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பையன்.

பெல்லாரியிலிருந்து வந்த வக்கீல்

1873-ல் சென்னையில் பிறந்தவர். சொந்த ஊர் பம்மல் என்றாலும் வளர்ந்தது ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் வீதியில். அப்பா விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் இருந்தவர். அம்மா மாணிக்கவேலு அம்மாள். படிக்கிற வீடு. பையன் பிரசிடென்சி காலேஜில் படித்தான். ஷேக்ஸ்பியர் தெரியும், ஆங்கில நாடகம் என்றால் மதிப்பு. தமிழ் நாடகம் என்றால்? முகம் சுளிப்பு.

இதைக் கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவரே பின்னாளில் ஒளிக்காமல் எழுதிவைத்த விஷயம் இது. தெருப் பக்கத்தில் தமிழ் நாடகம் நடக்கும்போது அதை ஒரு பொருட்டாகவே அவர் நினைக்கவில்லை. அன்றைக்கு நாடகம் என்பது ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய ஓடும். முக்கால்வாசி பாட்டு. நடுவில் வசனம் என்பது நடிகர் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வது. நடிக்கிறவர்களுக்குச் சமூகம் வைத்திருந்த பெயர் கூத்தாடி. படித்த குடும்பத்துப் பையன் அந்தப் பக்கம் போனால் பெண் கொடுக்க மாட்டார்கள்.

1891-ல் சென்னைக்கு ஒரு நாடகக் குழு வந்தது. சரச வினோதினி சபை. வந்தது பெல்லாரியிலிருந்து. நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்யுலு என்ற தெலுங்குக்காரர். கன்னடம் புழங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு தெலுங்கில் நாடகம் எழுதியவர். ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை. ஒரே டீக்கடையில் மூணு பாஷை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்றைக்கு பெல்லாரியும் ஓசூரும் ஒரே மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தன. ஓசூர் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. பெல்லாரி 1953-ல் மைசூர் பக்கம் போனது, ஓசூர் இந்தப் பக்கமே நின்றது.

அந்தக் கிருஷ்ணமாச்சார்யுலுவிடம் இருந்த ஆச்சரியம் அவருடைய நாடகம் மட்டும் இல்லை. அவர் தொழிலால் வக்கீல். பகலில் கோர்ட்டில் வாதாடுகிற மனுஷன், தானே எழுதி, மற்றவர்களைப் பழக்கி, தானே வேஷம் கட்டி மேடையில் நிற்கிறார். கூட நடிப்பவர்களும் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதைப் பார்த்துவிட்டு வந்த 18 வயசு சம்பந்தத்துக்கு ராத்திரி தூக்கம் போயிருக்க வேண்டும். தெலுங்கில் இப்படிச் செய்ய முடிகிறது என்றால் தமிழில் ஏன் முடியாது? முகம் சுளித்த அதே பையன் ஒரே வாரத்தில் தலைகீழாக மாறிப்போனான் என்றுதான் சொல்லணும்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தமிழ் நாடகத்தை மாற்றிய மனிதருக்குத் தீப்பொறி கொடுத்தது தமிழ் நாடகம் இல்லை. கன்னட ஊரிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடகம்.

ஏழு பேர்

1891 ஜூலை 1. சம்பந்தமும் நண்பர்களுமாக ஏழு பேர் சேர்ந்து ஒரு சபையைத் தொடங்கினார்கள். சுகுண விலாச சபை. பேரைக் கவனியுங்கள், 'கம்பெனி' இல்லை, 'சபை'. கம்பெனி என்றால் சம்பளத்துக்கு நடிப்பது. சபை என்றால் சந்தா கட்டிச் சேர்வது. தொழிலாக இல்லாமல் ஆசைக்காக நடிப்பவர்கள். இன்றைக்கு 'அமெச்சூர்' என்று சொல்கிறோமே, அது.

உடனே நாடகம் போட்டுவிடவில்லை. எதைப் போடுவது? படித்தவர்கள் நின்று பேசக்கூடிய தமிழ் நாடகம் ஒன்று எழுதித் தயாராக இருந்தால்தானே எடுத்துப் போட? இல்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று சம்பந்தம் உட்கார்ந்தார். எழுதத் தெரிந்ததால் எழுதவில்லை, வேறு ஆள் இல்லாததால் எழுதினார். 'புஷ்பவல்லி'தான் தொடக்கம். அதன் பிறகு 'லீலாவதி சுலோசனா', 'மனோகரன்' என்று வரிசை நீண்டுகொண்டே போய், கடைசியில் கணக்குப் பார்த்தால் 94 நாடகங்கள்.

அவர் செய்த பெரிய மாற்றம், வசனத்தை எழுதிக் கொடுத்தது. கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். பாட்டே பிரதானமாக இருக்கும் மேடையில், பாடத் தெரியாதவனுக்கு இடமே இல்லை. குரல் இருந்தால் ராஜா, இல்லாவிட்டால் சேவகன். உரைநடை வசனம் என்று ஆனதும், குரல் இல்லாத ஆனால் நடிக்கத் தெரிந்த ஒரு குமாஸ்தா கதாநாயகன் ஆகலாம். எழுதிய வசனம் என்று ஆனதும் ஒத்திகை என்ற ஒன்றுக்கு அர்த்தம் வருகிறது. வாய்க்கு வந்ததைப் பேசினால் ஒத்திகை பார்த்து என்ன புண்ணியம்? இந்த வரியை இவன் முடித்ததும் அவன் தொடங்கணும், அப்போது இவள் திரும்பணும் என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள்தான் இன்று நாம் சொல்லும் டைரக்டர். அந்தக் காலத்தில் வாத்தியார் என்பார்கள்.

இன்னொரு தந்திரமும் செய்தார். சபையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது வரும் என்று பார்த்து, அதற்கேற்ப பாத்திரங்களை எழுதினார். ஒருத்தருக்குக் கோபம் நன்றாக வரும், இன்னொருத்தர் வந்து நின்றாலே சிரிப்பு வரும். இருக்கிற ஆட்களை வைத்து நாடகம். நம்ம ஊர் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு என்ன குழம்பு வைப்பது என்று முடிவு பண்ணுவது மாதிரிதான். மொட்டை மாடியில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு நாற்பது பாத்திரம் உள்ள நாடகத்தைத் தேடிக்கொண்டிருந்த நம்ம பையனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

'மனோகரன்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வசந்தசேனை என்கிற ஆசைநாயகியின் பிடியில் கிடக்கும் ராஜா, ஒதுக்கப்பட்ட ராணி, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கால் கை கட்டி நிற்கும் மகன். சங்கிலியால் கட்டப்பட்ட மனோகரன் அந்தச் சங்கிலியை அறுத்தெறியும் காட்சி. 1954-ல் சிவாஜி நடித்த படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குக் கலைஞர் வசனம். ஆனால் அந்த மனோகரன் முதலில் சங்கிலியை அறுத்தது சுகுண விலாச சபை மேடையில். அறுத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். எழுதியவர், பழக்கியவர், கதாநாயகன் மூணும் ஒரே ஆள்.

மணி அடித்தால் திரை தூக்கணும்

நாடகம் விடிய விடிய நடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தூரத்துக் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்தவன் நடுராத்திரியில் எங்கே போவான்? விடிந்தால்தான் வீடு திரும்ப முடியும். ஆனால் சுகுண விலாச சபைக்கு வந்த ரசிகர்கள் வேறு. மறுநாள் காலையில் ஆபீஸ் போகணும், கோர்ட் போகணும். நடிப்பவர்களுக்கும் அதே கதிதான். அதனால் நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடிப்பது என்பதில் பிடிவாதமாக இருந்தார். பெரிய மனுஷர் இன்னும் வரவில்லை, கொஞ்சம் காத்திருக்கலாம் என்பதெல்லாம் அவரிடம் நடக்காது.

ரங்க சங்கராவின் மூடிய கதவைச் சொன்னேன் இல்லையா? அந்தக் கதவுக்கு ஒரு தாத்தா இருந்தால் அவர் பம்மல்தான்.

அவருடைய சொந்த வாழ்க்கையும் கடிகாரத்தில்தான் ஓடியது. 1898-ல் வக்கீல் ஆனார். காலையில் கட்சிக்காரர்கள், பகலில் கோர்ட், சாயங்காலம் சபை, ஒத்திகை. இதற்கு நடுவில் கோயில் தர்மகர்த்தா பொறுப்பு வேறு. எப்போது எழுதினார் என்று கேட்டால், கிடைத்த நேரத்தில் எல்லாம். நாடகத்திலிருந்து சம்பாதிக்கணும் என்ற அவசியம் அவருக்கு இல்லாததால், நாடகத்தில் தனக்குப் பிடிக்காததைச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. டிக்கெட் விற்கவில்லை என்று நடுவில் ஒரு டான்ஸைச் செருக வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது வக்கீல் தொழில்.

ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது இந்தச் சுதந்திரத்தில்தான். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். வெனிஸ் நகர வணிகன் 'வாணீபுரத்து வணிகன்' ஆனான். பேர் வைப்பதிலேயே ஒரு குசும்பு பாருங்கள், சத்தமும் ஒத்துப்போகிறது, தமிழாகவும் இருக்கிறது. அதே ஆள்தான் 'சபாபதி' மாதிரி ஒரு வயிறு குலுங்கும் காமெடியும் எழுதினார். முதலாளி பேரும் சபாபதி, வேலைக்காரன் பேரும் சபாபதி. 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக எடுத்தார். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்னமும் அடிக்கும் கூத்தை இப்போது யூடியூபில் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

அதே நேரத்தில் இன்னொருத்தர்

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால், வேலையை விடாதே தம்பி என்று புத்தி சொன்ன மாதிரி ஆகிவிடும். அது நியாயமில்லை. ஏனென்றால் அதே 1890-களில் தெற்கே இன்னொரு இளைஞர் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குள் குதித்தார். சங்கரதாஸ் சுவாமிகள்.

பம்மலைவிட ஆறு வயது மூத்தவர். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். உப்புத் தொழிலில் கணக்கு எழுதும் வேலை. 24 வயது வாக்கில் அதை உதறிவிட்டு முழு நேர நாடகக்காரர் ஆனார். நடித்தார், எழுதினார், கம்பெனி கம்பெனியாகப் போய் வாத்தியாராக இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. 1918-ல் மதுரையில் சின்னப் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பால பாடம் படித்தவர்கள். பையன்களுக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. வசனமும் பாட்டுமாகப் பொழிந்த வாய் மூடிக்கிடந்தது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் இறந்தார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நாடகப் பிள்ளைகள்தான் எல்லாமும்.

பம்மல் 91 வயது வரை இருந்தார். சுவாமிகள் 55-ல் போய்விட்டார். இதை வைத்து யார் ஜெயித்தார் என்று கணக்குப் போட முடியாது. இன்றைக்கும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ராத்திரி 'வள்ளி திருமணம்' நடக்கிறது. அது சுவாமிகளின் வழி. பம்மலின் 'அமலாதித்யன்' எந்த ஊர்த் திருவிழாவிலும் நடப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லியாகணும். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. விடிய விடிய. வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர். அந்தக் கட்டை கட்டி, கிரீடம் வைத்து, அடவு போட்டு ஆடுகிற மனுஷனுக்குப் பகலில் வயல் வேலை. அவரும் அமெச்சூர்தானே? அவருக்கும் மறுநாள் வேலை இருக்கிறது. பம்மலின் கண்ணில் இந்த உலகம் பெரிதாகப் படவில்லை. நாடகத்துக்கு மரியாதை தேடிய படித்த வர்க்கம், ஏற்கெனவே மண்ணில் இருந்த கூத்தை ஒரு படி கீழே வைத்துவிட்டது. கூத்தாடி என்ற வசவிலிருந்து நாடகத்தை மீட்டார் என்று அவரைப் புகழ்கிறோம். கூத்தாடியை யார் மீட்பது? கூத்து நடக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்த இடத்தில் அவரோடு கொஞ்சம் சண்டை உண்டு.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். சபையில் பெண் வேஷத்தை ஆண்களே கட்டினார்கள். அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களை வைத்தே ஒரு கம்பெனி நடத்தி, கூட்டம் அலைமோத வைத்துக்கொண்டிருந்தார். மரியாதைப்பட்ட சபைகளின் சரித்திரத்தில் அந்த அம்மாவுக்குக் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது.

ரங்கவடிவேலு

பெண் வேஷம் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சி. ரங்கவடிவேலு. பம்மலின் கதாநாயகி. வருடக்கணக்கில், நாடகத்துக்கு நாடகம், பம்மல் நாயகன் என்றால் இவர் நாயகி. இவரும் வக்கீல்தான். பகலில் ரெண்டு பேரும் கோர்ட்டில் கறுப்பு கோட்டு, ராத்திரி மேடையில் காதலனும் காதலியும். பம்மலின் நினைவுக் குறிப்புகளில் இவரைப் பற்றி எழுதும் இடங்களில் மட்டும் அந்தக் கறார் வக்கீலின் எழுத்து நெகிழ்ந்துவிடும்.

1923-ல் ரங்கவடிவேலு இறந்துபோனார். பம்மலுக்கு அப்போது வயது 50. நடிகர் ஒருவர் போனால் வேறொருவரைப் போட்டு நாடகத்தை நடத்தலாம், டைரக்டர் என்றால் அதைத்தான் செய்யணும். ஆனால் முப்பது வருடத்துக்குப் பக்கமாக ஒருவரின் மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரிந்து வசனம் எழுதிய மனிதருக்கு அது அவ்வளவு சுலபமா? அடுத்த வருடமே அவர் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி ஆனார். 1928 வரை அந்த நாற்காலி. பழைய மனோகரன் வேறு ஆளாகிக்கொண்டிருந்தார்.

சபையும் வேறாகிக்கொண்டிருந்தது. ஏழு பேரில் தொடங்கியது பெரிய மனுஷர்கள் கூடும் இடமாக வளர்ந்தது. சர் சி.பி. ராமசாமி ஐயர், ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்று பெரிய பெரிய பெயர்கள். சத்தியமூர்த்தி அரசியல் மேடையில் முழங்கியதற்கு முன்னும் பின்னும் இந்த மேடையில் வேஷம் கட்டியவர். தமிழ் மட்டும் இல்லை, தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி, சமஸ்கிருதம் என்று பல பாஷைகளில் சபை நாடகம் போட்டது. ஒரு தெலுங்கு நாடகத்தைப் பார்த்துத் தொடங்கியவர்கள் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. பிறகு மெல்ல மெல்ல, மவுண்ட் ரோடில் கிளப் வாழ்க்கை மேலே வந்து நாடகம் கீழே போனது. ஒரு சபை செத்துப்போவதைவிட, பேர் மட்டும் அப்படியே இருந்து உள்ளே இருந்தது மாறிப்போவது கஷ்டமான விஷயம்.

ஆனால் விதை வேறெங்கோ விழுந்திருந்தது. 1911-ல் சபை இலங்கைக்குப் போய் நாடகம் போட்டது. அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரரான க. சொர்ணலிங்கம். பம்மலையே குருவாக எண்ணி, 1913-ல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். பின்னாளில் கலையரசு என்ற பட்டத்தோடு ஈழத்து நாடகத்தின் பெரிய பெயரானார். பெல்லாரிக்காரர்கள் சென்னைக்கு வந்து ஒரு பையனைக் கெடுத்தார்கள், சென்னைக்காரர்கள் கொழும்புக்குப் போய் இன்னொரு பையனைக் கெடுத்தார்கள்.

எழுதிவைத்தார்

ரிட்டயர் ஆனதும் ஈஸிசேர் என்று அவர் உட்காரவில்லை. பேசும் படம் வந்த புதுசு. அறுபது வயதுக்காரர் சினிமாவுக்குள் போனார். அவருடைய கதைகள் படமாயின. 1936-ல் வந்த 'மனோகரா'வில் அவரே புருஷோத்தம ராஜாவாக நடித்தார். ஒருகாலத்தில் சங்கிலியை அறுத்த மகன், இப்போது மகனைச் சங்கிலியில் கட்டச் சொல்லும் அப்பா. சினிமாவில் பட்ட அனுபவத்தையும் சும்மா விடவில்லை, அதையும் ஒரு புத்தகமாக எழுதிவிட்டார்.

என்னைக் கேட்டால், அவருடைய 94 நாடகங்களைவிடப் பெரிய காரியம் 'நாடக மேடை நினைவுகள்'. 1930-களில் ஆறு பாகங்களாக வந்தது. எந்த நாடகம் எப்போது எப்படிப் போட்டோம், யார் சொதப்பினார்கள், எங்கே பணம் போனது, எந்தக் காட்சியில் தனக்கு என்ன தப்பு நடந்தது என்று டைரி மாதிரி எழுதியிருக்கிறார். ஜெயித்ததை மட்டும் எழுதுகிற ஆள் இல்லை. நடிப்பைக் கற்றுக்கொள்வது எப்படி என்றும் தனியாக எழுதினார். தனக்கு யாரும் சொல்லித்தராததை அடுத்து வருகிறவனுக்குச் சொல்லிவைத்த மனசு அது. 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. 90 வயதில் 'என் சுயசரிதை' வெளிவந்தது. 1964 செப்டம்பர் 24-ல் இறந்தார்.

'நாடக மேடை நினைவுகள்' இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. பழைய நடை, வாக்கியங்கள் நீளமாக இருக்கும், முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளணும். அப்புறம் விட மனசு வராது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது ராமநாயக்கன் ஏரிப் பக்கம் டீக்கடையில் மணி ஒன்பதரை. பையன் வேலையை விடுகிறேன் என்றும் சொல்லவில்லை, விடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாரதக் கூத்து ஆடுகிற ஒரு வாத்தியார் ராயக்கோட்டைப் பக்கம் இருக்கிறாராமே, அவரைத் தெரியுமா என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் அவனுக்கு செகண்ட் ஷிப்ட். சாயங்காலம் முடியாது, அதனால் மொட்டை மாடி ஒத்திகையைக் காலை ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆறு என்றால் ஆறு, லேட்டாக வருகிறவன் மாடிப்படியிலேயே உட்காரணும் என்று குரூப்பில் மெசேஜ் போட்டிருக்கிறானாம்.